கைராசி மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: மேற்குப் பார்த்த பால்கனியில் மரத்தொட்டியைத் தொங்கவிட்டுப் பெட்டூனியா வைத்தேன். தினமும் காலையில் கீழே சொட்டும் வரை தண்ணீர் விட்டும், சித்திரை பிறப்பதற்குள் கருகிவிட்டது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள் வீட்டில். என்ன செடி வைத்தால் பிழைக்கும்?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டூனியா குளிர்காலப் பூ. பங்குனி வெயிலில் அதுவும் மேற்குப் பால்கனியில் அதை யார் வைத்தாலும் கருகத்தான் செய்யும். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, பழியை உங்கள் கைராசி மேல் போட விடுவது எனக்குக் கோபம் தருகிறது.

கீழே சொட்டியது என்றீர்களே, அதுவும் ஏமாற்றும். தொங்கும் தொட்டிக்கு நாலு பக்கமும் காற்று. உள்ளே இருப்பது கொஞ்சம் மண், அதன் ஈரத்தையும் மரம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், பிறகு தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து சொட்டிவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் தொட்டியை இறக்கி, தண்ணீர் நிரம்பிய டப்பில் அரை மணி நேரம் வையுங்கள்.

அதனால் உங்கள் பால்கனிக்கு, தண்ணீரைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைக்கும் செடிதான் வேண்டும். என் முதல் தேர்வு டேபிள் ரோஸ். பத்து மணிப்பூ என்றும் சொல்வார்கள். வெயில் ஏற ஏறத்தான் விரியும், தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். பக்கத்து வீட்டில் விரல் நீளத்துக்கு நாலு தண்டு கேட்டு வாங்கி நட்டாலே போதும், காசு கொடுக்க வேண்டியதில்லை. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஈரம் தேங்கினால் தண்டு அழுகிவிடும். இதற்குச் சொந்தக்காரச் செடிதான் பருப்புக்கீரை. பூ வேண்டாம், கூட்டு வைக்க வேண்டும் என்றால் அதை நடுங்கள்.

அடுத்தது நித்தியகல்யாணி. சுவர் வெடிப்பில் கூட முளைத்துப் பூத்து நிற்கும் செடிக்கு உங்கள் தொட்டி பெரிய வசதி. புற்றுநோய்க்கான சில மருந்துகளை இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் செடி முழுக்க நஞ்சு, கீரையோடு சேர்த்து வைக்காதீர்கள். வெயில் நேராக விழாத மூலை இருந்தால் கற்பூரவல்லி வரும். புதினாவை டேபிள் ரோஸுடன் ஒரே தொட்டியில் வைக்க வேண்டாம். ஒன்றுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், மற்றதற்கு ஆகாது. பெரணி, ஸ்பைடர் பிளான்ட் எல்லாம் நிழல் பால்கனிக்காரர்களுக்கு.

அப்புறம் தொட்டி. அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதிலும் ஓட்டை போட்டால் மரம் சீக்கிரம் மக்காது. பேக்கிங் பலகையில் செய்த தொட்டி என்றால் முத்திரையைத் தேடுங்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்றால் சூட்டில் பதப்படுத்திய மரம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு போட்டது, அதில் கீரை வேண்டவே வேண்டாம். வெறும் செம்மண்ணை நிரப்பாதீர்கள், கனம் தாங்காது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம அளவு கலந்தால் சரி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஊற்றும் ஒவ்வொரு செம்பும் கொக்கியில்தான் தொங்குகிறது. கொக்கியைக் கையால் நன்றாக இழுத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள், கீழே குழந்தைகள் நடமாடுவார்கள்.

பெட்டூனியா மேல் ஆசை போகவில்லையா? கார்த்திகையில் வாங்கி வையுங்கள். மாசி வரை பூத்துக் குலுங்கும்.