நாயின் குணத்துக்கு மார்க் போடலாமா?

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டு நாய்கள் வளர்க்கிறோம். விடியற்காலையில் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் வந்தால் ஒன்று பாய்ந்து குரைக்கிறது. மற்றது கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறது. மனிதரைப் போல நாய்க்கும் தனிக் குணம் உண்டா? அளக்க முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: உண்டு, அளக்கலாம். 2003-இல் உளவியலாளர் சாம் காஸ்லிங் குழுவினர் சுறுசுறுப்பு, பாசம், பதற்றம், புத்தி என நான்கு குணங்களில் நாய்களை மதிப்பிட வைத்தார்கள். வளர்ப்பவர் சொன்னதும், அந்த நாயை முன்பின் அறியாதவர்கள் நேரில் பார்த்துச் சொன்னதும் ஓரளவு ஒத்துப்போயின.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டம் கட்டாமல், நாய் செய்ததை மட்டும் குறியுங்கள். புது ஆள் ஒருவர் கேட்டுக்கு வெளியே மூன்று மீட்டர் தள்ளி, நாயை உற்றுப் பார்க்காமல் இரண்டு நிமிடம் நிற்கட்டும். வேறொரு நாள், சற்றுத் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். சத்தத்துக்குப் பெரும்பாலான நாய்கள் திடுக்கிடும். அதனால் திடுக்கிட்டதைவிட, எத்தனை நொடியில் தட்டை முகர வந்தது என்பதே முக்கியம். வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் காட்டாமல், 0 முதல் 4 வரை மார்க் போடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். மார்க் கிட்டத்தட்ட அப்படியே வந்தால் அது குணம். தாறுமாறாக வந்தால் அன்றைய மனநிலை.

இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதிக்காதீர்கள். முந்திக் குரைப்பது ஒன்று இருந்தால் மற்றது ஒதுங்கிவிடும். உங்கள் வீட்டில் நடப்பது அதுவாகவும் இருக்கலாம். கோயில் கொடை, சர்ச் திருவிழா வெடி, ஐப்பசி இடி முடிந்த கையோடும் வேண்டாம். காதில் சீழ், உடம்பெல்லாம் உண்ணி என்றால் சாது நாயும் கடிக்க வரும். வளர்ந்த நாயின் போக்கு திடீரென மாறினால் மார்க்கை விட்டுவிட்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இனம் பார்த்து வாங்கினால் குணம் உறுதிதானே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: விற்பவர் அப்படித்தான் சொல்வார். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வந்த ஆய்வில், தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் வந்தது சுமார் 9 சதவீதம்தான். எட்டு வாரக் குட்டியைச் சோதித்துச் சொல்வதும் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தாய் நாய் புது ஆளிடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆவதற்குள் குடை, ஸ்கூட்டர், ஹெல்மெட் போட்ட ஆள், தலை லைட் எல்லாம் பழக்கிவிடுங்கள். தடுப்பூசி முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டே.