இலை உதிரும்போது நட வேண்டியவை

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 63. நான்கு வருடங்களுக்கு முன் மகளோடு இருப்பதற்காகக் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தேன். கோடையில் பின்வளவில் கத்தரி, மிளகாய், பயற்றங்காய் என்று பொழுது போய்விடுகிறது. செப்டம்பர் முடிந்தால் கைக்கு வேலை இல்லை, மனமும் சோர்ந்துவிடுகிறது. இலையுதிர்காலத்தில் தோட்டக்கலை, பூ அலங்காரம், இயற்கை நடை என்று பல வகுப்புகள் நடப்பதாகச் சொல்லி மகள் ஒன்றில் சேரச் சொல்கிறாள். “பனி கொட்டப் போகிற நேரத்தில் தோட்ட வகுப்பு எதற்கு? வசந்தத்தில் பார்க்கலாம்” என்கிறார் மருமகன். எனக்கு ஆங்கிலமும் மட்டுமட்டுத்தான். சேரலாமா? சேர்வதென்றால் எதில்?

— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள அக்கா,

சேருங்கள். வசந்தம் வரை காத்திருக்க வேண்டாம். மருமகன் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த நாட்டு மண்ணில் சிலவற்றை இப்போது நட்டால்தான் உண்டு.

உள்ளியை, அதாவது பூண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதை நடும் காலம் அக்டோபர், நம் கணக்கில் ஐப்பசி. பல்லின் கூர்முனை மேலே பார்க்க, முனைக்கு மேல் இரண்டு அங்குல மண் நிற்கும்படி, ஆறு அங்குல இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். நிலம் உறைவதற்கு முன் வேர் பிடித்துவிடும். பிறகு மாதக்கணக்கில் பனியின் கீழே கிடக்கும். அந்தக் குளிர் அதற்கு அவசியம். குளிர் போதாவிட்டால் பல் பிரியாமல் ஒற்றைக் குண்டாக நின்றுவிடும். ஏப்ரலில் பனி கரைந்ததும் முதலில் பச்சை காட்டுவது அதுதான். ஜூனில் பூத்தண்டு சுருண்டு எழும்போது ஒடித்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யலாம். ஜூலையில் கிண்டலாம். கடையில் சமையலுக்கு வாங்கும் உள்ளி முளைக்காதபடி பதப்படுத்தப்பட்டிருக்கக்கூடும். அதனால் ஒன்ராறியோவில் விளைந்த விதை உள்ளியாகக் கேட்டு வாங்குங்கள்.

டியூலிப்பும் இதே கதைதான். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில், குறைந்தது 12 வாரக் குளிரில் கிடந்தால்தான் மே மாதத்தில் பூக்கும். ஒட்டாவாவில் வசந்தத்தில் டியூலிப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா பிள்ளைகளோடு அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். 1943இல் அவருக்கு ஒரு மகள் பிறந்ததும் அந்த நகரத்தில்தான். போர் முடிந்த 1945இல் நன்றியாக 1,00,000 டியூலிப் குமிழ்கள், அதாவது வெங்காயம் போன்ற நடுகிழங்குகள், வந்து சேர்ந்தன. போருக்குத் தப்பி வந்து இந்த மண்ணில் பிள்ளை பெற்ற குடும்பங்கள் நம்மில் எத்தனை! நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு கைப்பிடி டியூலிப் ஊன்றுவது அதை நினைத்துத்தான்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறைத்தது ஆங்கிலம் பற்றிய வரி. என் முதல் வகுப்பைச் சொல்கிறேன். குளிர்ந்த ஒரு சனிக்கிழமைக் காலை, நீண்ட மேசையைச் சுற்றி பன்னிரண்டு பேர். வகுப்பு எடுத்த முதிய பெண்மணி ஆளுக்கொரு குமிழைக் கையில் வைத்து, எது மேல், எது கீழ் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெருவிரலால் ஒரு முறை தடவினேன். அடியில் தட்டையாக, சொரசொரப்பாக, காய்ந்த வேர் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் வெங்காயத்தின் அதே அடி! ஊரில் பாத்தி பாத்தியாக வெங்காயம் ஊன்றிய கைக்கு இதைச் சொல்லித்தர ஆங்கிலம் தேவைப்படவில்லை. அன்று அவர் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது, ஆனால் நட்டதெல்லாம் முளைத்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒன்று மட்டும்: படம் போட்டு ஒரு மணி நேரம் பேசும் வகுப்பாக இல்லாமல், மண்ணில் கைவைத்துச் செய்யும் வகுப்பா என்று மகளை முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க ஒரு விஷயம். அணில்கள் டியூலிப் குமிழைத் தோண்டித் தின்றுவிடும். நட்ட இடத்தின் மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து மண் போடுங்கள். டாஃபடில் என்ற வசந்தகாலப் பூவின் குமிழை அவை தொடமாட்டா, ஏனென்றால் அது நஞ்சு. பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும். வாங்கிவந்த பையை ஒருபோதும் குசினியில் வெங்காயக் கூடைப் பக்கம் வைக்காதீர்கள்.

எங்கே சேர்வது? லோரன்ஸ் அவெனியூவும் லெஸ்லி வீதியும் சந்திக்கும் இடத்தில் ரொறன்ரோ தாவரவியல் பூங்கா இருக்கிறது. தோட்டக்கலை வகுப்புகளுக்குப் பெயர்போன இடம். ஸ்காபரோவிலேயே தோட்டக்கலைச் சங்கமும் உண்டு. பக்கத்தில் கிடைப்பதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வகுப்புக்கு நவம்பர் இருட்டில் கிளம்ப மனம் வராது.

பூ அலங்கார வகுப்பை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்கும் சேர்த்து வாங்குவதால் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் ஜப்பானிய இகெபானா வகுப்பு கிடைத்தால் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். நாம் பூவைப் பூவோடு நெருக்கி, நார் தெரியாமல் தொடுக்கிறவர்கள். இடைவெளி விழுந்தால் அம்மா அவிழ்த்துக் கட்டச் சொல்வார். அங்கே இடைவெளிதான் அலங்காரம். முள் பதித்த ஒரு கனமான தட்டில் மூன்று கொம்புகள், ஒரே ஒரு சாமந்தி, மீதி வெறும் வெளி. முதல் நாள் எனக்கு அது அரைகுறை வேலையாகத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் அந்தக் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காம்பைத் தண்ணீருக்குள் பிடித்து வெட்டினால் பூ அதிக நாள் வாடாது என்பதும் அங்கே கற்றதுதான்.

இயற்கை நடையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது காத்திருக்காது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஓடும் ஹைலண்ட் கிரீக்கில் சின்னுக் சால்மன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். முழங்கால் ஆழத் தண்ணீரில், கை நீளத்துக்கு ஒரு மீன், முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசிக் கிழிந்த துடுப்போடு மேலேறும். முட்டையிட்டதும் இறந்துவிடும். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், செலவில்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் வழிகாட்டியோடு இலவச நடைகள் உண்டு.

சோர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலும் சுமார் 11½ மணி நேரம். இங்கே டிசம்பர் கடைசியில் 9 மணி நேரம்தான். வெளிச்சம் குறைந்தால் உடம்பும் மனமும் தளர்வது உங்கள் பலவீனம் அல்ல. காலையில் வெயில் தெரியும்போதெல்லாம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு வைத்தியம் உண்டு. ஜனவரியில் வீடு அடைத்தால் ரொறன்ரோவின் அலன் கார்டன்ஸ் பூங்காவுக்குப் போங்கள். 1910இல் கட்டிய கண்ணாடி மண்டபம், அனுமதி இலவசம். உள்ளே நுழைந்ததும் ஈர மண்ணும் பச்சையும் மணக்கும், மூக்குக்கண்ணாடியை ஆவி மூடும்.

கறிவேப்பிலைச் சாடி இன்னும் வெளியில் இருக்கிறதா? இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போவதற்கு முன் உள்ளே எடுத்து, தெற்குப் பக்க ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள்.

மருமகனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உதிரும் மேப்பிள் இலைகளையெல்லாம் கடதாசிப் பைகளில் நிரப்பி வீதியோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புல்வெட்டியை இரண்டு தடவை அவற்றின் மேல் ஓட்டித் தூளாக்கித் தரட்டும். உங்கள் உள்ளிப் பாத்திக்குப் போர்வை வேண்டும்.