எண்ணெய் விட்டவரைக் கேட்டீர்களா?

கேள்வி: பரணில் சும்மா கிடந்த தையல் மெஷினைக் கழற்றி, அதன் பெரிய இரும்புச் சக்கரத்தில் ஆறு பழைய பாட்டில்களைத் தொங்கவிட்டு ஹாலுக்கு ஒரு விளக்கு செய்தேன். வயர்கூடப் பழைய இஸ்திரிப் பெட்டியினுடையதுதான். வருகிறவர்கள் எல்லாம் வியந்து போகிறார்கள். மாமியார் காலமான பிறகு அந்த மெஷினில் யாரும் தைத்ததில்லை. மாமனார் மட்டும் எப்போதாவது எண்ணெய் விடுவார். அவர் இப்போது ஹாலுக்கே வருவதில்லை. கணவரோ கழற்றிவிடு என்கிறார். ரசனையே இல்லாத வீட்டில் நான் என்ன செய்வது?

பதில்: ரசனையை அப்புறம் பார்க்கலாம். ‘எப்போதாவது எண்ணெய் விடுவார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை இன்னொரு முறை வாசியுங்கள். யாரும் தைக்காத மெஷினுக்காக ஒரு வயதானவர் பரண் ஏறுகிறார். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விடுகிறார். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு இறங்குகிறார். சும்மா கிடக்கிற சாமானுக்கா இத்தனையும்?

நீங்கள் இதையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை எடுத்துச் செய்தால் அது கைவேலை. ஒருவர் பேணி வைத்திருந்ததைக் கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர். மருமகள் என்பதால் சொல்லவில்லை. மகன் செய்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன். உங்கள் கணவரும் லேசுப்பட்டவர் இல்லை. அம்மாவின் மெஷின் துண்டுதுண்டாகிறபோது எங்கே போயிருந்தாராம்?

கழற்றச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அந்த இஸ்திரிப் பெட்டி வயர். பழைய வயர் வெளியே நன்றாகத்தான் தெரியும். வளைத்துப் பாருங்கள், உள்ளே உறை வெடித்திருக்கும். அது இரும்பில் உரசிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் சக்கரம் முழுவதும் மின்சாரம் பாயும். எர்த் கொடுத்தீர்களா என்று எழுதவே இல்லை. இரும்பில் விளக்கு செய்தால் எர்த் இல்லாமல் கூடாது. பாரத்தை எது தாங்குகிறது, சங்கிலியா, வயரா? வயர் என்றால் இன்றைக்கே இறக்குங்கள். வார்ப்பிரும்புச் சக்கரம், அதன் கீழே கண்ணாடி, அதற்கும் கீழே மனிதர்கள்.

இறக்கியதும் நேரே மாமனாரிடம் போங்கள். கணவரைத் தூது அனுப்ப வேண்டாம். “கேட்காமல் எடுத்துவிட்டேன் மாமா, தப்புதான்” என்றால் போதும். விளக்கின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. திரும்பப் பூட்டச் சொன்னால் பூட்டுங்கள். கழற்றத் தெரிந்த கைக்கு அது பெரிய வேலையில்லை. பாட்டில்களை ஒரு பழைய மரச்சட்டத்தில் தொங்கவிட்டாலும் விளக்கு விளக்குதான்.

விளக்காகவே இருக்கட்டும் என்று அவரே மனதாரச் சொன்னால் மட்டும் இவ்வளவும் செய்யுங்கள். புது வயர், மூன்று கம்பி உள்ளதாக. துளைகளில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையம். எடை போட்டுப் பார்த்து அதைவிடப் பல மடங்கு தாங்கும் சங்கிலியும் கொக்கியும். குண்டு பல்பு வேண்டாம். 60 வாட் என்று ஆறு போட்டால் 360 வாட், அதில் பெரும்பகுதி வெறும் சூடு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 3 அல்லது 4 வாட் எல்.இ.டி. தாராளம். 2700 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்கினால் மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். பாட்டிலை அறுத்த விளிம்பைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள், தூள் மூக்கில் ஏறாது. கடைசி இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதை மாமனார் சொல்லட்டும். அவர் அறையிலேயே என்றாலும் சரி என்று சொல்லுங்கள், வருகிறவர்கள் பார்க்க முடியாமல் போனாலும்.

அதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. மிதியையும் மெஷினையும் இணைக்கும் தோல் பெல்ட் ஒன்று இருந்திருக்குமே, அதை எங்கே போட்டீர்கள்? தேடி எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.