அந்த கோலை யார் தலையில் கட்டுவது?

வாசகர் கேள்விகள்: கால்பந்து

கேள்வி: எங்கள் பகுதியில் நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இரு அணிகளும் ஆளுக்கு ஒரு கோலுடன் சமநிலையில் இருந்தன. எதிரணியின் வலப்பக்க விங்கர் (ஓரமாக ஓடித் தாக்குபவர்) எங்கள் லெஃப்ட் பேக்கை, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி ஓடிவந்தார். ஓரத்திலிருந்து கோலின் முன்னால் பந்தைத் தள்ளும் கிராஸ் வரும் என்று எண்ணி எங்கள் கீப்பர் ஓரடி நகர்ந்தார்; பந்து அவருக்கும் முதல் போஸ்ட்டுக்கும் (விங்கர் பக்கத்துக் கம்பத்துக்கும்) நடுவே புகுந்துவிட்டது. அன்றிலிருந்து டீக்கடையில் இரண்டு கட்சி. கீப்பர்தான் கோப்பையைத் தாரை வார்த்தார் என்கிறது ஒன்று. பேக்கைக் கேளுங்கள் என்கிறது மற்றொன்று. கைப்பேசியில் எடுத்த காட்சியை அனுப்பியிருக்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: காட்சியைப் பத்துப் பதினைந்து முறை பார்த்தேன். முதலில் எல்லோரையும் போலப் பந்தின் பின்னாலேயே ஓடினேன். பிறகு பந்தை விட்டுவிட்டுக் கீப்பரின் கால்களை மட்டும் பார்த்தேன். விங்கரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் உங்கள் கீப்பரின் இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. உடலின் பாரம் முழுவதும் வலது காலில், அதாவது கோலின் நடுப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பந்து போனதோ இடப்பக்கம்.

விங்கர் உதைத்த இடம் கோலிலிருந்து சுமார் 12 மீட்டர் இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். அந்தக் கணக்கில் 12 மீட்டருக்கு அரை நொடிகூட ஆகாது. கண்டதை மூளை உணர்ந்து உடல் அசையத் தொடங்குவதற்கே நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சியிருக்கும் கால் நொடிச் சொச்சத்தில், இரண்டு பாதங்களையும் ஊன்றி நிற்பவர் இடப்பக்கம் சாய்ந்து ஒரு கையையாவது நீட்டிவிடலாம். ஒற்றைக் காலில் பாரத்தை ஏற்றி நிற்பவர் முதலில் அந்தப் பாரத்தை மீட்டெடுக்க வேண்டும், அதற்குள் பந்து வலையில் இருக்கும். ஓரத்திலிருந்து வருபவரிடம் முதல் போஸ்ட்டை அடைத்துக்கொண்டு நிற்பது கீப்பருக்குப் பால பாடம். தூரத்துப் போஸ்ட்டுக்குப் போகும் பந்து கூடுதல் தொலைவு ஓட வேண்டும், வழியில் யாராவது குறுக்கே வரலாம். முதல் போஸ்ட்டில் அந்த உதவி எதுவும் கிடையாது. ஆகவே கீப்பர் மேல் தவறே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் காட்சியை மூன்று நொடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், ஏனென்றால் டீக்கடைக் கட்சிகள் இரண்டுமே கடைசி நொடியிலிருந்துதான் வழக்கைத் தொடங்குகின்றன. லெஃப்ட் பேக் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்த்து ஏமாந்து, எழுந்து திரும்புவதற்குள் விங்கர் அவரைக் கடந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்து அடைக்க வேண்டிய சென்டர் பேக், நின்ற இடத்திலேயே நின்று பந்தை வேடிக்கை பார்க்கிறார். அதைவிட முக்கியமாக, பெனால்ட்டி பகுதிக்குள் எதிரணியினர் இருவர் கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உங்கள் சட்டை ஒன்றுகூடத் தென்படவில்லை. இதையெல்லாம் கண்ட கீப்பர், இவர்களுக்குப் பந்து போனால் வெறும் கோல்தான் என்று நினைத்து நகர்ந்திருக்கிறார். பேக்குகள் செய்யத் தவறிய வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டதால் வந்த ஓரடி அது. ரூபாய்க்கு ஆறணா கீப்பருடையது. மீதிப் பத்தணாவை அந்த இரண்டு பேக்குகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, பிரேசில் கீப்பர் மோவசிர் பார்போசா விட்ட கோல் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கோல் அதன் அச்சு அசல் நகல். 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயுடன் சமன் செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை என்ற நிலை. முதலில் கோல் அடித்ததும் பிரேசில்தான். பிறகு உருகுவேயின் வலப்பக்க விங்கர் கிஜ்ஜியா தன்னைக் காத்து நின்ற பிகோடேயைத் தாண்டிப் போய்ப் பந்தை நடுவே தள்ள, ஸ்கியாஃபினோ கோல் அடித்தார். 79ஆம் நிமிடத்தில் அதே கிஜ்ஜியா, அதே பிகோடே, அதே வழி. மறுபடியும் நடுவே தள்ளுவார் என்று பார்போசா லேசாக முன்னால் வர, பந்து முதல் போஸ்ட்டை ஒட்டி உள்ளே போனது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் வேலி உடைந்திருக்க, பழியின் பெரும்பகுதி கீப்பருக்கே போயிற்று. பிரேசிலில் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டுதான், நானோ ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று முதுமையில் அவர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டில், 79 வயதில் இறந்தார். உங்கள் டீக்கடையில் இரண்டாவது கட்சி ஒன்று இருப்பதே எனக்கு ஆறுதல். பார்போசாவுக்கு அப்படி ஒரு கட்சி வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று.

கேள்வி: தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பு காட்டும்போதெல்லாம், "இதை நானே பிடித்திருப்பேன்" என்கிறார் என் மைத்துனர். எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது.
- ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: மைத்துனரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், ஏறக்குறைய 18 சதுர மீட்டர் பரப்பை ஓர் ஆள் காக்க வேண்டும். மெதுவாக ஓட்டிக் காட்டும் படத்தில் பந்து மிதந்து வருவதால் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. கீப்பருக்கு அந்த நேரம் இல்லை. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் பந்து புறப்பட்டதிலிருந்து தெரிகிறது. கீப்பருக்கோ முன்னால் நிற்கும் நாலைந்து பேரின் கால்களுக்கு இடையிலிருந்து பாதி வழியில்தான் தெரிகிறது. போதாததற்கு நம் மைதானங்களில் கோலுக்கு முன்னால் கீப்பர்களின் கால் பட்டுப் பட்டே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மழை பெய்த மறுநாள் அதில் பட்ட பந்து எழும்புமா, சறுக்குமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இவ்வளவு சொன்னாலும், கைக்கு நேராக வந்து நழுவிய பந்துக்குச் சாக்குச் சொல்ல நான் வரவில்லை. 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் ஜெர்மனியின் ஆலிவர் கான். அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவர்தான். இறுதியாட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்து அவர் நெஞ்சில் பட்டுத் தெறிக்க, ரொனால்டோ ஓடிவந்து வலைக்குள் தள்ளினார். அதைக் கானின் பிழை என்று சொல்வதில் தப்பில்லை. அவர் இல்லாவிட்டால் ஜெர்மனி இறுதியாட்டம் வரை வந்திருக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூல் கீப்பர் கரியஸ் விட்ட இரண்டு கோல்களுக்குத் தலையில் பட்ட அடி காரணம் என்றார்கள். அது நொண்டிச் சாக்கா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: சாக்கு என்று தள்ள மாட்டேன். கீவ் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் கரியஸ் கையால் உருட்டிவிட்ட பந்தை ரியல் மாட்ரிட்டின் பென்சிமா காலை நீட்டி வலைக்குள் தள்ளினார். பிறகு அதே அணியின் பேல் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து கரியஸின் கைகளில் பட்டு நழுவியது. மாட்ரிட் 3-1 என்று வென்றது. முதல் கோலுக்குச் சற்று முன்புதான் மாட்ரிட்டின் ரமோஸின் முழங்கை கரியஸின் தலையில் பட்டிருந்தது. சில நாள் கழித்து அவரைப் பரிசோதித்த பாஸ்டன் மருத்துவர்கள், ஆட்டத்தின்போதே அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்றும், பார்வையால் தூரத்தை அளக்கும் திறனை அது பாதித்திருக்கக்கூடும் என்றும் கூறினார்கள். கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் கரியஸின் கையால்தான். அதற்காக அவரைக் கரித்துக் கொட்டலாமா என்று கேட்டால், தலை சுற்றிக்கொண்டிருப்பவரை எப்படிக் கரித்துக் கொட்டுவது? நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் மைதானத்தில் மருத்துவர் இருப்பதில்லை. தலையில் அடிபட்ட கீப்பர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் நம்பாமல் வெளியே கூட்டிவந்து உட்கார வையுங்கள்.

கேள்வி: நம் சென்னையின் எஃப்சி 2015இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வென்றது கோவா கீப்பரின் தயவால்தான் என்று நண்பர் கேலி செய்கிறார்.
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: 90ஆம் நிமிடத்தில் கட்டிமணியின் மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போன பந்தைச் சொல்கிறார். சமன் செய்தது அந்த கோல். வென்று கொடுத்தது அதற்குப் பிறகு மெண்டோசா அடித்த மூன்றாவது கோல். அதே ஆட்டத்தில் நம் அணியின் பெனால்ட்டியைத் தடுத்தவரும் அந்தக் கட்டிமணிதான் என்பதை நண்பருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: பதினைந்து வயதாகும் என் மகன் பள்ளி அணியின் கீப்பர். ஐந்து கோல் விட்ட நாளிலிருந்து மைதானத்துக்குப் போக மறுக்கிறான். நான் என்ன சொல்ல வேண்டும், ஐயா?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, அன்றிரவு எதுவும் சொல்லாமல் சோறு போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போது ஒரு தாளைக் கொடுத்து, ஐந்து கோலும் எங்கிருந்து வந்தன, அப்போது தான் எங்கே நின்றான், முன்னால் யார் நின்றார்கள் என்று அவனையே படம் போடச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு தன்னுடையது என்று அவனே சொல்லுவான். அந்த இரண்டுக்கும் என்ன பயிற்சி என்று ஆசிரியரிடம் கேட்டால் போதும். அவனுடைய கையுறை அன்று கழற்றிப் போட்ட பையிலேயே சேறு காய்ந்து கிடக்கும். அதை எடுத்து, சோப்புப் போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழிந்து முறுக்காமல் நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பர் வெடித்துவிடும். பிறகு பந்து நிற்காது.