நரம்பியல் வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்

20 ஆண்டுகளாக நரம்பியல் வார்டில் இருக்கிறேன். நோயாளியைப் பரிசோதிப்பது பற்றி எதையும் கேளுங்கள். மருந்து, டோஸ் எல்லாம் உங்கள் டாக்டரிடம்.

நர்சிங் மாணவி: கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் 10 என்றால் எவ்வளவு மோசம், சிஸ்டர்?

வெறும் 10 என்று சொன்னால் எனக்கே புரியாதும்மா. நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று எண்ணால் அளக்க, 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்த முறை அது. கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1, அதனால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் மொத்தம் 3 வரும்.

ஒரே இரவில் என் வார்டில் இரண்டு பேருக்கு 10. ஒருவர் கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார், வாயில் சத்தமே இல்லை, தோளை அழுத்தினால் கை மேலே வந்து என் விரலைத் தட்டிவிடுகிறது: 4, 1, 5. இடது மூளையில் அடைப்பு, பேச்சு போய்விட்டது. அடுத்தவர் பைக்கிலிருந்து விழுந்தவர். தோளை அழுத்தினால்தான் கண் திறக்கிறார், சம்பந்தமில்லாமல் ஓரிரு வார்த்தை, கை அதே மாதிரி தட்டுகிறது: 2, 3, 5. இவருக்கு நினைவே மங்குகிறது. இவர் கட்டில் பக்கத்தை விட்டு நீங்கள் நகரக் கூடாது. அதனால் மூன்று எண்ணையும் எழுதுங்கள், பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். போன மணிக்கு என்ன இருந்தது என்று தெரியாத எண்ணால் பயனில்லை.

தொண்டையில் மூச்சுக்கு டியூப் போட்டவருக்குப் பேச்சு 1தானே?

இல்லை. சோதிக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.

அப்பாவுக்கு வாய் கோணியிருக்கிறது. ஸ்ட்ரோக்கா, முகவாதமா?

இப்போதே 108ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மாணவர்களுக்கு: நெற்றிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பெரும்பாலான ஸ்ட்ரோக்கில் நெற்றி சுருங்கும், முகவாதத்தில் முகத்துக்குப் போகும் நரம்பே கெடுவதால் அந்தப் பக்கம் சுருங்காது. வீட்டில் இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஃபிட்ஸ் வந்தவர் கையில் சாவி கொடுக்கலாமா?

வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

சாவி கொடுத்ததும் நின்றதை என் கண்ணால் பார்த்தேன், சிஸ்டர்.

நீங்கள் பார்த்தது நிஜம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துவரவும் அதே ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. பேர் சாவிக்குப் போகிறது.

கொடுத்தால் என்ன நஷ்டம்? மனசுக்கு ஒரு தெம்பு.

இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்ததில் கிழிந்த உள்ளங்கைக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சாவி தேடி ஓடுகிறவர், தலைக்கு அடியில் ஒரு துண்டு வைக்கலாம், எச்சில் வெளியே வழியும்படி பக்கவாட்டில் திருப்பலாம். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று டாக்டர் கேட்பார். இடக்கை முதலில் இழுத்தால் வலப்பக்க மூளையில் தேடுவார். பக்கத்தில் இருந்து பார்த்தவரால்தான் அதைச் சொல்ல முடியும். தெம்பு வேண்டுமென்றால் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சாவி இல்லை, இரும்புக் கம்பி என்றால்?

மேலே சொன்னதுதான்.

வெங்காயம் முகரக் கொடுப்பது?

அதற்கும் அதே பதில். இனி இந்தக் கேள்வி வேண்டாம்.

ஒரு கண்பாவை மட்டும் விரிந்திருந்தால்?

நினைவு மங்கியவருக்கு அப்படி என்றால், வீங்கிய மூளை, கண்பாவையைச் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பை நசுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசுகிறவர் என்றால், கண்ணில் சொட்டு மருந்து விட்டார்களா என்றும் கேளுங்கள்.

கழுத்து வலிக்கு என்ன தைலம் நல்லது?

என் துறை இல்லை.

சிஸ்டர், அப்பாவுக்கு வாய் கோணல் என்று கேட்டேனே, ஆம்புலன்ஸில் போகிறோம். 7 மணிக்கு காபி குடித்தபோது நன்றாகப் பேசினாராம்.

அந்த 7 மணியை ஒரு தாளில் எழுதி, வாசலிலேயே டியூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.