ஜஸ்ட் இன் டைம்னா என்ன? டொயோட்டா ஏன் பார்ட்ஸை குவிச்சு வைக்கல?

தேவையான பார்ட்டை தேவையான நேரத்துல தேவையான அளவு மட்டும் கார் அசெம்பிள் பண்ற லைனுக்கு வரவைக்கிறதுக்கு பேருதான் ஜஸ்ட் இன் டைம்.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ டொயோட்டாகிட்ட காசும் கம்மி, ஜப்பான்ல கார் வாங்குற ஆளுங்களும் கம்மி, அதனால அமெரிக்கா மாதிரி ஒரே மாடலை லட்சக்கணக்குல அடிச்சு அடுக்கி வைக்க முடியல, குடோன்ல தூங்குற ஒவ்வொரு பார்ட்டும் முடங்கிக் கிடக்குற காசுதானே. டொயோட்டாவுல இன்ஜினியரா இருந்த தாயிச்சி ஓனோவுக்கு வழி காட்டுனது அமெரிக்க சூப்பர்மார்க்கெட்! கஸ்டமர் எடுத்த இடத்தை மட்டும் ரொப்புவாங்கல்ல, அதே மாதிரி பார்ட்ஸ் பெட்டியோட ஒரு அட்டை இருக்கும், கான்பன்னு பேரு, பெட்டியை எடுத்ததும் அட்டை அந்த பார்ட்டை செய்யுற இடத்துக்கு திரும்பிப் போகும், அது வந்தாதான் அடுத்தது செய்வாங்க.

இட்லி மாவு மாதிரி நினைச்சுக்கோங்க. பத்து நாளைக்கு சேத்து அரைச்சா புளிச்சுடும், உப்பு கூடிப்போனா மொத்தமும் போச்சு. ரெண்டு நாளைக்கு அரைச்சா தப்பு உடனே தெரியும், அடுத்த தடவை சரி பண்ணிடலாம். எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே இந்த விஷயம்தான், காசு மிச்சமாகுறது அப்புறம்.

ரிஸ்க்கும் உண்டு. 1997 பிப்ரவரியில, டொயோட்டாவுக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஐசின் கம்பெனியோட ஃபேக்டரி எரிஞ்சப்போ ஒரு சின்ன பிரேக் வால்வு இல்லாம டொயோட்டா லைன் நாள்கணக்குல நின்னுச்சு.

நிறைய பேர் இதை ஸ்டாக்கே வைக்கக் கூடாதுன்னு புரிஞ்சுக்குறாங்க, அது தப்பு, 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு அப்புறம் டொயோட்டாவே சிப் மாதிரி சீக்கிரம் கிடைக்காத பார்ட்ஸை சப்ளையர்கிட்ட மாசக்கணக்குல இருப்பு வைக்கச் சொல்லுச்சு.