பிரெஞ்சில் எல்லா நிறச்சொற்களும் பெண்பாலுக்கு மாறுமா?

பச்சை கவுன் ‘யூன் ரோப் வெர்த்’ ஆகும்போது, பழுப்பு கவுன் மட்டும் ஏன் மாறாமல் ‘யூன் ரோப் மரோன்’ என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சையைக் குறிக்கும் ‘வெர்’ அசல் பெயரடை. பெண்பாலில் ‘ஈ’ சேரும். அதுவரை ஊமையாக இருந்த கடைசி ‘த்’ ஒலிக்கும். மரோன் செஸ்ட்நட் கொட்டையின் பெயர், ஒரான்ஷ் ஆரஞ்சுப் பழத்தின் பெயர். இப்படிப் பொருளிடமிருந்து கடன் வாங்கிய நிறச்சொல் பாலுக்கும் மாறாது, பன்மையில் ‘எஸ்’ஸும் ஏற்காது. ரோஸ் (இளஞ்சிவப்பு), மோவ் (வெளிர் ஊதா) போன்ற சில விலக்குகள் உண்டு; அவை பன்மையில் ‘எஸ்’ பெறும்.

பலர் சறுக்குவது வெளிர்நீலத்தில்தான். ‘ப்லெ க்ளேர்’ என இரு சொல் சேர்ந்து ஒரு நிறத்தைக் குறித்தால் இரண்டுமே உறைந்துவிடும். பெண்பால் ரோப்புக்கும் ‘ஈ’ கிடையாது. ப்லெ இருபாலிலும் ஒரே ஒலி என்பதால் பேச்சில் பிழை தெரியாது, எழுதினால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.